சர்வருக்கு ஒரு குறிப்பாணை

மதுரை கோச்சடையில் உள்ள மேற்கு வட்டச் சான்றாவண ஒருங்கிணைப்பு அலுவலகத்தில், பொதுமக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, செவ்வாய்க்கிழமை காலை ஒரு சர்வர் திறந்து வைக்கப்பட்டது. பொதுமக்கள் கேட்டது குடிதண்ணீர்க் குழாய். இருந்தாலும் கோரிக்கை ஏற்கப்பட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

சர்வர் லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் சும்மாவே கிடைக்கும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஊழியர்களின் மேசைகளில் இருந்த பதினேழு கம்ப்யூட்டர்களும் விண்டோஸ் வகையைச் சேர்ந்தவை. ஊழியர்களுக்கு அதுதான் தெரியும். அதிலும் சீட்டு விளையாட்டு இருக்கிற இடம் நன்றாகவே தெரியும். இனிமேல் சான்றிதழ்கள் எல்லாம் இந்தப் பதினேழில் தட்டச்சாகி, சர்வருக்குள் போய், டிஜிட்டல் கையொப்பம் வாங்கி வெளியே வரும் என்பது ஏற்பாடு. அலுவலர் தமிழ்வாணி மேடம் ரிப்பனை வெட்டி, "இன்று முதல் இது காகிதமில்லா அலுவலகம்" என்று அறிவித்தார். அந்த அறிவிப்பை நாற்பது பிரதி எடுத்து எல்லாச் சுவர்களிலும் ஒட்டினார்கள்.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான். பதினேழு கம்ப்யூட்டரில் ஒன்றைக்கூடச் சர்வர் உள்ளே விடவில்லை.

பரீத்தைக் கூப்பிட்டார்கள். பரீத் டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். அலுவலகத்தின் வருடாந்திரப் பராமரிப்பு அவரிடம்தான். இருபது வருஷத்தில் எத்தனையோ சர்வர்களின் முன்னால் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தவர், இந்த முறை டீயைக் கையில் வாங்கவே இல்லை. காரணம் இருந்தது. அவர் மகள் அப்சானாவுக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். அதற்கான சான்றிதழ் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால், இடம் பட்டியலில் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும். அந்த மனு கிடந்தது இதே அலுவலகத்தில். சான்றிதழ் வர வேண்டியதும் இதே சர்வர் வழியாக. அடுத்தவர் வீட்டுப் பழுதைப் பார்ப்பதற்கும் தன் பிள்ளை மாட்டிக்கொண்ட பழுதைப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பரீத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை ஒயர்களைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். திறப்பு விழாவன்று சர்வரின் காற்றுத் துளையில் அப்பியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குப் பிங் அனுப்பினார். பிங் என்பது பெரிய விஷயமில்லை. "இருக்கியா?" என்று ஒரு இயந்திரம் கேட்கும், "இருக்கேன்" என்று இன்னொன்று சொல்லும். அவ்வளவுதான்.

"லைன் நல்லாத்தான் இருக்கு மேடம். கூப்பிட்டா பதில் சொல்லுது. உள்ளதான் விட மாட்டேங்குது" என்றார் பரீத்.

தமிழ்வாணி மேடம் பேனாவை மூடி வைத்தார். "பதில் சொல்லுதா? எழுத்துபூர்வமாவா?"

"ஸ்கிரீன்ல வரும் மேடம். நாலு தரம் கேட்டேன், நாலு தரமும் வந்துச்சு."

"அப்ப பிரிண்ட் எடுத்துத் தபால்ல சேருங்க. வாய்வார்த்தையை நம்பி நான் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது."

காகிதமில்லா அலுவலகத்தில் அந்த நான்கு வரிகளும் காகிதத்தில் வந்தன. கண்காணிப்பாளர் சிவபாண்டி அவற்றைத் தபால் பதிவேட்டில் பதிந்தார். வரப்பெற்ற கடிதங்கள், நான்கு. அனுப்புநர், சர்வர். பொருள், ஏதுமில்லை. பதிந்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பரீத்திடம் வந்தார்.

"ஏன் பாய், நாலு லெட்டரும் வார்த்தை மாறாம ஒரே மாதிரில்ல இருக்கு? கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல. மழுப்புறான்."

"அது மெஷின் சார். அப்படித்தான் வரும்."

"முப்பது வருசமா நானும் இப்படித்தான் பாய் பதில் எழுதுறேன். எனக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை நிலைமை முற்றியது. எழுத்தர் தாமரைச்செல்வி தன் கம்ப்யூட்டரில் வந்த வாசகத்தைச் சத்தமாகப் படித்துவிட்டார். "அனுமதி மறுக்கப்பட்டதுன்னு வருது சார்."

மற்றப் பதினாறு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அந்தக் கட்டடத்தில் அனுமதி மறுக்கும் அதிகாரம் மேடத்துக்கு உண்டு. மேடம் விடுப்பில் போனால் சிவபாண்டிக்கு உண்டு. செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்த ஒன்று வியாழக்கிழமையே மறுக்கிறது என்றால் அதைச் சும்மா விட முடியுமா?

"மறுக்கிறது யாரு?" என்றார் சிவபாண்டி.

இங்கேதான் பரீத் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "லினக்ஸ்ல எல்லா அதிகாரமும் ரூட்டுக்கிட்டதான் சார் இருக்கும்."

"எந்த ரூட்டு? குரூப் டூவா, குரூப் ஒன்னா?"

"ஆளு இல்ல சார், அது ஒரு பேரு. அதுக்கு மேல யாரும் கிடையாது."

சிவபாண்டியின் குரல் சட்டென்று இறங்கியது. "அம்புட்டுப் பெரிய ஆளா? கோட்டையில இருந்து நேரா வந்திருக்காரோ?" அன்று மதியத்திலிருந்து அவர் சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

மேடம் அப்படியெல்லாம் பயப்படுகிறவர் இல்லை. சாயங்காலத்துக்குள் குறிப்பாணை தயாரானது. "தாங்கள் பணியேற்ற நாள் முதல் சக கணினிகளுடன் ஒத்துழைக்க மறுத்து, மூத்த கணினிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் அவமதித்து, நான்கு கடிதங்களில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அளித்துள்ளமை தெரியவருகிறது. தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்." சர்வர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வழியில்லாததால், விதிப்படி குறிப்பாணையை அதன் மேலேயே ஒட்டினார்கள். ஒட்டிய இடம் காற்றுத் துளை. சர்வர் சூடாகி, உள்ளே மின்விசிறி ஊளையிட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா பாய், கோவத்தை!" என்றார் சிவபாண்டி.

பரீத்துக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. சர்வருக்கு ஏழு நாள் கொடுத்திருக்கிறார்கள். அவர் பிள்ளைக்கு இருப்பதோ ஒரே நாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்து சேர்ந்தபோது வாசல் பெஞ்சில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தார். பரவைப் பக்கத்து விவசாயி. சிறு விவசாயி சான்றுக்காக மூன்று வாரமாக வந்துகொண்டிருப்பவர். தொண்டை பெரியது.

"பத்து மணி ஆபீசு! மணி பத்து இருபதாச்சு, ஒரு குஞ்சு குளுவானைக் காணோம். கேட்டா எல்லாரும் கரெக்ட் டயத்துக்கு வந்ததாக் கணக்கு காட்டுறாக. இந்த ஊருல நியாயமா நடக்கிறது யாருண்ணே?" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி பேசினார். பரீத்துக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாலு பேர் இப்படிக் கேட்டால்தான் நாடு உருப்படும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

காலை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். ஏசி இரைச்சலில் பாங்கு சத்தம் காதில் விழாது என்று தாமரைச்செல்வியின் கம்ப்யூட்டரில் மணியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். திரையின் மூலையில் பன்னிரண்டு முப்பத்தைந்து ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். பத்து நிமிஷத்தில் பைபாஸ் ரோட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தால், ஜனங்கள் தொழுது முடித்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாய், இன்னிக்குச் சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்று ஒருவரைக் கேட்டார்.

"மணி ஒண்ணு பத்து. நீங்கதான் லேட்டு" என்றார் அவர்.

பரீத் கைபேசியைப் பார்த்தார். ஒன்று பத்துதான். ஜும்மாவைத் தவறவிட்ட வருத்தம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மண்டைக்குள் மணி அடித்தது. ஸ்கூட்டரை வந்த வழியே திருப்பினார்.

நடப்பதையெல்லாம் சர்வர் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பில் செவ்வாய்க்கிழமையிலிருந்தே ஒரு வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. 'கடிகார வித்தியாசம் அளவுக்கு மீறியது.' பரீத் அதைப் படிக்காமல் இல்லை. புதிதாக வந்த சர்வரின் கடிகாரம்தான் கோளாறு என்று நினைத்து, கைபேசியோடு ஒத்துப் பார்த்து, சரியாக இருக்கவே விட்டுவிட்டார். ஒரு அலுவலகத்தில் பதினேழு கடிகாரமும் ஒரே அளவாகப் பொய் சொல்லும் என்று எந்த மெக்கானிக்குக்குத் தோன்றும்? விண்டோஸும் லினக்ஸும் கைகுலுக்குவதற்கு முன்னால் மணியைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வந்திருப்பது போலி என்று கதவைச் சாத்திவிடும். இங்கே வித்தியாசம் இருபத்தைந்து நிமிஷம். அதுவும் பதினேழிலும் அச்சு மாறாமல்.

மேடத்தின் அறைக்கே போய்ச் சொன்னார். சிவபாண்டியும் தாமரைச்செல்வியும் அங்கே இருந்தார்கள். மேடம் சிவபாண்டியைப் பார்த்தார். சிவபாண்டி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்ல பாய். பதினோரு மாசத்துக்கு முன்னாடி ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. கம்ப்யூட்டரைத் திறக்கிற நேரம்தான் ஆபீசுக்கு வந்த நேரம்னு. எனக்கு ஒத்தக்கடையில வீடு. பஸ்ஸு இங்க வந்து சேரப் பத்து இருபத்தஞ்சு ஆயிரும். பஸ்ஸை நான் முன்னாடி தள்ள முடியுமா? அதான் நேரத்தைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சோம். தானா திருத்திக்கிற வசதியையும் எடுத்து விட்டாச்சு. அரை மணி நேரம் வச்சிருக்கலாம். ஆனா அது அநியாயம்னு விட்டுட்டோம்."

"சாயங்காலம் எப்படி சார்? அப்ப இருபத்தஞ்சு நிமிஷம் கூட உக்காரணுமே?"

"வரும்போதுதான் கம்ப்யூட்டர் மணி. போகும்போது கைக்கடிகாரம்."

இதைச் சொல்லும்போது சிவபாண்டியின் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. பரீத் பெருமூச்சு விட்டார். "சரி சார், எனக்கு எதுக்கு அது. பதினேழையும் சரியான மணிக்கு வச்சா இருபது நிமிஷத்துல சர்வர் உள்ள விட்டுரும். என் மக சான்றிதழும் வந்துரும்."

"எப்படி வைப்பீங்க?" என்றார் மேடம். "இப்போ இங்கே மணி ரெண்டு. நீங்க திருத்தினா ரெண்டு இருபத்தஞ்சு ஆயிடும். நடுவில இருக்கிற இருபத்தஞ்சு நிமிஷம் நாங்க எங்கே இருந்தோம்?"

"இங்கதான் மேடம் இருந்தீங்க."

"ஆதாரம்?"

தாமரைச்செல்வி கணக்குப் போட்டுச் சொன்னார். "பதினேழு பேருக்கு இருபத்தஞ்சு நிமிஷம்னா ஏழு மணி நேரம் அஞ்சு நிமிஷம் வருது மேடம். முழுசா ஒரு நாள் தற்செயல் விடுப்பு. யாரு லீவுல கழிக்கிறது?"

எல்லோரும் தாமரைச்செல்வியைப் பார்த்தார்கள். அவர் அதற்குப் பிறகு கணக்கு எதுவும் போடவில்லை.

"இதுக்கு ஒரே தீர்வுதான்" என்றார் மேடம். "பதினேழு பேர் சரியா இருக்கும்போது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா, திருத்த வேண்டியது அந்த ஒண்ணைத்தான். சர்வரை இருபத்தஞ்சு நிமிஷம் பின்னாடி வைங்க."

பரீத் நிமிர்ந்து நின்றார். "அது மட்டும் முடியாது மேடம். இருபது வருஷமா கெட்டுப்போன மெஷினைத்தான் சரி பண்ணியிருக்கேன். சரியா ஓடுற மெஷினைக் கெடுத்ததில்ல. இந்த ஆபீஸ்லயே உண்மையான மணி காட்டுறது அது ஒண்ணுதான்."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயக்கொடிக்குப் புல்லரித்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க பாய்! நேரத்தையே திருடித் தின்ன பயலுககிட்ட வளைஞ்சு குடுக்காதீங்க!" என்று வராந்தாவிலிருந்து சத்தம் போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பரீத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேடம் கூட்டம் போட்டார். நேரத்தை முன்னால் நகர்த்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது பொருள். இரண்டு மணி நேரம் பேசி, அப்படி ஒரு அதிகாரம் யாருக்கும் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். பின்னால் நகர்த்துவதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும் மேலிடத்தைக் கேட்டுவிடலாம் என்று சென்னைத் தலைமை ஒருங்கிணைப்பகத்துக்குப் போன் போட்டார்கள். விக்ரம் என்ற அதிகாரி பேசினார்.

"எத்தனை நிமிஷம் பின்னாடி இருக்கீங்க?" என்றார் அவர்.

"இருபத்தஞ்சு சார்" என்றார் சிவபாண்டி, நாற்காலியை விட்டு எழுந்து நின்று.

"அவ்ளோதானா? நாங்க நாற்பதுங்க. இங்கே டிராஃபிக் உங்க ஊர் மாதிரி இல்லையே. மாநிலத்திலேயே நீங்கதான் சீக்கிரம் ஓடுறீங்க. ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பிடறேன்."

சிவபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினேழு பேருக்கும் டீ, வடை வந்தது. நேரந்தவறாமையில் மாநிலத்தில் முதலிடம் என்ற அறிவிப்பைத் தாமரைச்செல்வி நாற்பது பிரதி எடுக்கப் போனார். பரீத் சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சர்வரில் மணி நான்கு ஐம்பது ஆனது. ஐம்பத்தைந்து ஆனது. ஐந்து ஆனது. ஐந்து மூன்றுக்குக் கைபேசி அடித்தது.

"அத்தா..." அப்சானாவின் குரல் கம்மியிருந்தது. "அஞ்சு மணி ஆயிருச்சு அத்தா."

யோக்கியன் என்று கைதட்டல் வாங்கினோமே, அதைக் கொண்டு போய் எந்தக் கல்லூரியில் கொடுப்பது என்று பரீத் நினைத்தார்.

"அழுவாதம்மா. அத்தா ஏதாச்சும்..."

"காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டேன் அத்தா. சான்றிதழை நாளைக்குக் குடுத்தாக்கூட வாங்கிக்குவாங்களாம். கைல குடுக்கிற நேரத்தைப் பாக்க மாட்டாங்களாம். கையெழுத்துல போட்டிருக்கிற நேரம் அஞ்சுக்குள்ள இருந்தாப் போதுமாம்."

பரீத் சர்வரைப் பார்த்தார். குறிப்பாணைக்குக் கீழே அது ஐந்து ஐந்து என்று காட்டிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக எல்லோரும் ஏசியும் அது தன் மணியிலிருந்து ஒரு நொடி மாறவில்லை. பரீத்துக்கு அதன் மேல் மரியாதை உண்டு. மரியாதையோடுதான் ரூட்டாக உள்ளே நுழைந்தார். மரியாதையோடுதான் இருபத்தைந்து நிமிஷத்தைப் பின்னால் தள்ளினார். சர்வரில் மணி நான்கு நாற்பது.

அடுத்த நொடி பதினேழு கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் கதவு திறந்தது. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று வடையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார்கள். முதல் சான்றிதழ் அப்சானாவுடையது. தமிழ்வாணி மேடத்தின் கையொப்பம், நேரம் மாலை நான்கு நாற்பத்து நான்கு. பரீத் அதை வாங்கி ஊதி ஊதிப் பார்த்தார். பிரிண்டர் மை எப்போதோ காய்ந்திருந்தது.

சிவபாண்டி சர்வரின் மணியைப் பார்த்துவிட்டுப் பரீத்தின் தோளில் கை போட்டார். "இனிமே நீங்க நம்ம ஆளு பாய்."

பரீத் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அதற்குள் விஷயம் தெரிந்துவிட்ட ஜெயக்கொடி வழியை மறித்து நின்றார். திட்டப்போகிறார் என்று பரீத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்தப் பெரிய தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது.

"பாய், ஒரு சின்ன விசயம். சொட்டுநீர் மானியத்துக்கு நான் சான்று குடுக்க வேண்டிய கடைசித் தேதி பதினஞ்சு. இன்னிக்கு இருபத்திரண்டு. ஒரு ஏழு நாளு மட்டும் பின்னாடி தள்ள முடியுமா?"

"அண்ணே, காலையில நீங்கதான் நியாயம் பேசுனீங்க."

"நீங்க மத்தியானம் பேசுனீங்கள்ல?"

அதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஜெயக்கொடிக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். ஒருவருக்குப் போன மாசம் முப்பது வேண்டும். ஒரு அம்மாவுக்குப் போன வருஷம் ஆனி மாசம் வேண்டும். அந்த அலுவலகத்தில் இவ்வளவு அமைதியான வரிசையை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

விதிப்படி பழுது நீக்க அறிக்கை எழுதாமல் பரீத் வெளியே போக முடியாது. சிவபாண்டி படிவத்தை நீட்டினார். பரீத் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலுவலகம் சார்பில் சிவபாண்டி போட்டார். பொதுமக்கள் சார்பில் சாட்சிக் கையெழுத்தை ஜெயக்கொடி மனமுவந்து போட்டார். அறிக்கையில் இப்படி இருந்தது:

"கண்டறியப்பட்ட பழுது: சர்வர் சரியான நேரத்தைக் காட்டியது. நிவர்த்தி செய்யப்பட்டது."